நூற்றைம்பது பிள்ளைகள்

மருந்து பாட்டில் கம்பியில் ஏறியது.

அவள் மகனின் கையை விடவில்லை. செழியனுக்கு ஐந்து வயது. உள்ளங்கை கொதித்தது. இதுவரை கொடுத்த எந்த மருந்துக்கும் காய்ச்சல் இறங்கவில்லை.

இது புதியது.

“நீங்களே பயந்தா எப்படி மேடம்?” டாக்டர் பெனடிக்ட் சிரித்தார். “நூத்தம்பது பிள்ளைங்களுக்குக் குடுத்துப் பாத்தாச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. எத்தன பேர் வேணும்னு கணக்குப் போட்டதே நீங்கதான!”

அவள்தான்.

அந்த ஆய்வில் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி. பழைய மருந்தைவிட இது காய்ச்சலைச் சீக்கிரம் தணிக்கிறதா என்று அறிய எத்தனை குழந்தைகள் வேண்டும்?

கணக்கு சரி. இடையில் விலகிப்போகிறவர்களுக்காகக் கொஞ்சம் கூட்டியும் வைத்திருந்தாள். இன்று போட்டாலும் அதே விடைதான் வரும்.

அந்தக் கேள்விக்கு.

சாம்பாரில் உப்பு பார்க்க ஒரு சொட்டு போதும். அரிசியில் கல் இருக்கிறதா என்று பார்க்க எத்தனை தட்டுச் சோறு சாப்பிட வேண்டும்?

புள்ளியியல் வகுப்பில் இப்படித்தான் கேட்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் பலகையில் எழுதுவாள்: யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையா? மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஆபத்து அந்த அளவுவரை ஒளிந்திருக்கலாம்.

மூன்றை நூற்றைம்பதால் வகுத்தால் ஐம்பதில் ஒன்று.

ஐம்பது குழந்தைகளில் ஒரு குழந்தை.

வார்டைப் பார்த்தாள். கட்டில்களை எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“ஏத்தட்டுமா மேடம்?” என்றாள் நர்ஸ்.

செழியனின் உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. மூச்சு வேகவேகமாக வந்தது.

தலையசைத்தாள்.

முதல் சொட்டு விழுந்தது.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். குழாய் நெடுகிலும் மருந்து இறங்கி வருவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வளைவில் ஒரு குமிழி நின்றது. பிறகு அதுவும் நகர்ந்தது.

“சிஸ்டர், அலர்ஜி ஊசி கைக்கு எட்டுற மாதிரி இருக்கா?”

“இருக்கு மேடம். இதுக்கு யாருக்குமே தேவைப்பட்டதில்ல.”

செழியன் கண் திறக்காமலே இன்னொரு கையைத் தூக்கினான்.

கழுத்தைச் சொறிந்தான்.

வார்டின் எல்லா ஜன்னல்களிலும் வலை அடித்திருந்தது.

அவள் குனிந்து, அவன் கழுத்தருகே ஒரு கொசுவைத் தேடினாள்.