ஜூன் 31

"அம்சவல்லி, ஜூன் மாசத்துக்கு எத்தனை நாளுங்க?"

எல்லாருக்கும் கேட்கட்டும் என்று வேண்டுமென்றேதான் சத்தமாகக் கேட்டேன்.

"முப்பதுங்க சார்."

"அப்புறம் ஏன் முப்பத்தொண்ணுன்னு அடிச்சிருக்கீங்க? இது மூணாவது தடவை!"

2005 மார்கழி. மரக்காணத்தில் ஒரு டிரஸ்ட்டுக்காக உப்பளக் குடும்பங்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். யாருக்கு யார் உறவு, எந்த வீடு, எந்தப் பாத்தியில் வேலை என்று ஒன்றோடொன்று கோத்து வைக்கிற புத்தம் புது ஏற்பாடு. புரோகிராம் என்னுடையது. இல்லாத தேதியை அடித்தால் கட்டம் சிவந்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

உப்புக் காற்றில் கீபோர்டு பட்டன்கள் அமுங்கினால் எழாது. தட்டித் தட்டி எழுப்புவோம். அந்த ஆபீஸை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

அம்சவல்லி தப்பே அடிக்காதவர். ஆனால் செந்தமிழ் என்ற பெண்ணின் படிவத்தில் மட்டும் பிறந்த தேதிக் கட்டம் சிவப்பாகவே நின்றது. அவளுடைய அப்பா தெய்வசிகாமணி, உப்பளக் கூலி, வாசலில் காத்துக் கிடந்தார். தை மாதம் டிரஸ்ட் நடத்தும் இலவசக் கல்யாணத்தில் மகளைச் சேர்க்க, பதினெட்டு முடிந்ததாக எங்கள் பிரிண்ட் வேண்டும். கட்டம் சிவந்திருந்தால் பிரிண்ட் வராது. நாளை கடைசி நாள்.

"தாலி, பொடவ எல்லாம் அவங்களே குடுக்கறாங்க சார். இத வுட்டா நான் எங்க போவேன்?" என்று கண் கலங்கினார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கைமுட்டியில எண்ணத் தெரியாதாம்மா? மேடுன்னா முப்பத்தொண்ணு, பள்ளம்னா முப்பது. எண்ணுங்க பாப்போம்."

அம்சவல்லி தலைகுனிந்து எண்ணினார். எல்லாரும் சிரித்தார்கள்.

"நாளைக்கு வாங்கண்ணே, நானே முடிச்சுத் தர்றேன்" என்று தெய்வசிகாமணியை அனுப்பினேன்.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பியதும், ஜூன் 31 என்று அடித்தால் ஜூலை 1 என்று தானே திருத்திக்கொள்ளும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். சிவப்பு மறைந்தது.

"வேணாம் சார்."

பின்னால் அம்சவல்லி. பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் திரும்பி வந்திருந்தார்.

"ஏன்?"

"அவரு தேதியே சொல்லல சார். பதினெட்டு முடிஞ்ச மாதிரி நீயே ஒரு தேதி போட்டுக்கம்மான்னாரு. பாப்பாவுக்குப் பதினேழுதான். மார்ச்ல பிளஸ் டூ பரீட்சை. எங்கிட்ட வந்து அழுதுச்சு."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நான் சொன்னா கேப்பாரா? ஸ்கூலையே நிறுத்திடுவாரு. கம்ப்யூட்டர் சொன்னா கேட்டுக்குவாரு சார். அதான், அது ஏத்துக்காத தேதியாப் பாத்துப் போட்டேன்."

அத்தனை பேர் சிரித்தபோதும் வாயைத் திறக்காமல் எண்ணிக்கொண்டு நின்றாரே! வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. சேர்த்த வரியை அழித்தேன்.

மறுநாள் காலையிலேயே தெய்வசிகாமணி வந்துவிட்டார்.

அவர் எதிரில் கையை மடக்கி, முட்டி முட்டியாக நிதானமாக எண்ணினேன். பிறகு ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

"அம்சவல்லி போட்ட தேதி சரியாத்தாங்க இருக்குது. இந்தப் பாழாப்போன கம்ப்யூட்டர்தான் ஏத்துக்க மாட்டேங்குது."