அப்பா ஏறி இறங்க

"இவரைக் கூட்டிக்கிட்டு வந்ததே தப்பு" என்று மனைவியின் காதைக் கடித்தான் மகன்.

பழைய கார் விற்கும் மைதானத்தில், அப்பா ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். கிளட்சை மிதித்து மிதித்தே இடது முழங்கால் தேய்ந்து, போன மாதம்தான் ஆபரேஷன் ஆகியிருந்தது.

"முட்டி ரொம்ப மடங்கக்கூடாது. தாழ்வான கார்ல ஏத்தாதீங்க. சீட்டு இடுப்பு உயரத்துக்கு இருக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். வீட்டில் இருந்ததோ தரையைத் தடவிக்கொண்டு போகிற கார். அதைத் தள்ளிவிட்டு ஒரு குட்டி எஸ்.யு.வி. வாங்குவதாக முடிவு.

அப்பா பானெட்டை மூடினார். கைத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, முன் சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பாருடா, முட்டி மடங்கவே இல்லை. நாலு வருஷ வண்டி, ஒரே கை ஓட்டினது. எஞ்சின் சும்மா மணி மாதிரி இருக்கு. இது போதும்."

"கதவுல கீறல் இருக்குப்பா."

"கீறல் வழியா யாருடா ஏறப்போறா?"

கார் வியாபாரி சிரித்துவிட்டார். மகன் சிரிக்கவில்லை.

"அப்பா, காலம் பூரா பஸ் சீட்டுலயே உட்கார்ந்துட்டீங்க. இப்பவும் யாரோ உட்கார்ந்து தேய்ச்ச சீட்டுலதான் உட்காரணுமா? என் அப்பாவுக்குப் புது வண்டிதான்!"

பக்கத்தில் கார் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னான். வியாபாரிக்கே கண் கலங்கிவிட்டது. வியாபாரம் கைநழுவியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"எனக்கு எதுக்குடா புதுசு? ஏறி இறங்க வசதியா இருந்தா போதாதா?"

"மாமா, அவர் ஆசைப்பட்டுச் செய்யறார். குறுக்கே நிக்காதீங்க" என்றாள் மருமகள்.

"நிக்க முடியாமத்தாம்மா வண்டியே பார்க்கறோம்."

பெரியவர் கொஞ்சம் பிடிவாதக்காரர்தான் என்று அங்கே இருந்தவர்கள் முடிவு கட்டினார்கள்.

அடுத்த வாரம் ஷோரூமில் முத்து வெள்ளை நிறத்தில் வண்டி வந்து நின்றது. க்ரீம் கலர் சீட்டு. அட்டையில் செய்த ஆளுயரச் சாவியை அப்பா கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். கால் வலிக்கிறது, உள்ளே உட்காரட்டுமா என்றார் அப்பா.

"உள்ளே உட்கார்ந்தா நீங்க தெரியமாட்டீங்கப்பா. வண்டி பக்கத்துல நில்லுங்க."

'எனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு' என்று எழுதி மகன் படத்தைப் போட்டான். முந்நூறு இதயங்கள் குவிந்தன. 'பெத்தா இப்படி ஒரு பிள்ளையைப் பெறணும்' என்று எழுதி ஒரு பெண்மணி அழுதேவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பிசியோதெரபி. காலையிலிருந்து தூறல். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"அப்பா, ஆஸ்பத்திரி வாசல்ல பள்ளம் தோண்டிப் போட்டிருக்காங்க. ஒரே சேறு. உங்க செருப்பு, கைத்தடி எல்லாம் உள்ளே வந்தா கீழே விரிச்ச புது மேட் என்னத்துக்கு ஆகும்? இன்னைக்கு மட்டும் வாடகைக் கார் கூப்பிடறேன்."

வந்த கார் தாழ்வானது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கி உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை தூறல் இல்லை. நல்ல வெயில். "அங்கே நிழலே கிடையாதுப்பா. பெயிண்ட் போயிடும்."

அதற்கடுத்த செவ்வாயன்று மருமகள் முந்திக்கொண்டாள். "மாமா, முட்டியில வலி மருந்து தேய்ச்சு விடுறாங்க இல்லையா, அது சீட்டுல பட்டா கறை போகவே போகாதாம்."

வண்டி ஓடாமலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகனுடைய ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் ஏறி ஊரைச் சுற்றிவிட்டு, "உங்கப்பா குடுத்து வெச்சவர்" என்று சொல்லி இறங்கினார்கள்.

நாலாவது தடவை போனபோது பிசியோதெரபிஸ்ட் மகனுக்கு போன் செய்தார்.

"என்ன சார், முட்டி இப்படி வீங்கிக் கிடக்கு? தாழ்வான கார்ல ஏத்தாதீங்கன்னு டாக்டர் சொன்னாரே! உயரமான வண்டி வாங்கலையா?"

"வாங்கிட்டேன் சார்! புதுசே வாங்கிட்டேன்!"

"அப்புறம் எதுல வர்றார்?"

மகன் அவசரமாக போனை வைத்தான்.

அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேராக அப்பாவின் அறைக்குப் போனான். கட்டிலில் காலை நீட்டி, வீங்கிய முட்டியின் மேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு அவர் கண்ணை மூடியிருந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். நடிப்பெல்லாம் இல்லை, நிஜமாகவே பிடித்துக்கொண்டான்.

"என்னை மன்னிச்சிடுங்கப்பா. உங்க வலியை நான் நினைச்சே பார்க்கலை."

"சரி விடுடா."

"இல்லப்பா. இனிமே உங்களை வாடகைக் கார்ல அனுப்பினா நான் மனுஷனே இல்லை."

அப்பாவின் கண்ணும் லேசாகப் பனித்தது. மகனுடைய தலையை மெல்லத் தடவினார்.

"நீங்க அன்னைக்குச் சொன்னதுதான்ப்பா சரி. எனக்குத்தான் புத்தியில்லை" என்று மூக்கை உறிஞ்சினான் மகன். "நாளைக்கே போறோம். நீங்க ஏறி இறங்கறதுக்குன்னு, பழசா ஒரு வண்டி பார்த்துடறோம்!"