சுயாக் நூலகத்துக்கு வந்த பெட்டி

இறந்துபோன போலீஸ் அதிகாரியின் காகிதங்களை ஒரு பெட்டியில் போட்டு, அவர் மனைவி குளோதெத் 1967இல் கடலோரச் சுயாக் ஊர் நூலகத்துக்குக் கொடுத்தாள். அதற்குள் ‘ரகசியம்’ என்று முத்திரையிட்ட அரசாங்கக் கோப்பு ஒன்று கிடந்தது. முப்பது வருடத்துக்கு முந்தைய வேலைநிறுத்தத்தில் சுடப்பட்ட கரும்புத் தொழிலாளர்களைப் பற்றியது. அதில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

வெளியே தெரிந்தால் நூலகர் தெய்வானைக்குத்தான் சிறை. கோவிலுக்கு வாங்கிய கற்பூரத்தைக் கோப்பின்மேல் வைத்துக் கொளுத்தினாள். மனசு கேட்காமல் சாம்பலைக் கடலில் கரைத்தாள்.

மறுநாள் குளோதெத் வந்தாள்.

“மாதாம், அந்தக் கோப்பை எரிச்சிட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“என் புருஷனும் மண்ணெண்ணெய் ஊத்தி எரிச்சார். ஒரு தடவை இல்ல, பல தடவை. அதான் உங்ககிட்ட கொடுத்தேன்.”

தெய்வானை பெட்டிப் பக்கம் திரும்பினாள். மூடியிருந்த பெட்டியிலிருந்து கற்பூரம் மணத்தது.