பொங்கல் கழிந்த கரும்பு

"கவர்மென்ட்டு ஒண்ணு குடுக்குதுன்னா..." என்று ஆரம்பித்து ஜெபக்குமாரின் பெரியப்பா என்னவோ சொல்லுவார். மீதி என்னவென்று ஜெபக்குமாருக்கு ஞாபகம் இல்லை. ஆரம்பமே போதுமானதாக இருந்தது.

சர்க்கரைத் தொழிலைச் சீர்திருத்துகிறோம் என்று அரசாங்கம் பக்கத்து ஆலையை மூடிவிட்டது. ஆலைக்குக் கரும்பு போட்டவர்களுக்கு நஷ்டஈடு. ஒரே நிபந்தனை: அதிகாரி வருகிற அன்று வயலில் கரும்பு நிற்கவேண்டும். அதன் முன்னால் சொந்தக்காரர் நிற்கவேண்டும். போட்டோ.

ஜெபக்குமாருக்கு இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஃபேக்டரி. கூமாப்பட்டியில் ஒரு வயல். அதில் சீமைக்கருவேலத்தைத் தவிர எதுவும் விளைந்ததில்லை. அதனாலென்ன? பொங்கல் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்பாரில்லாமல் கிடந்த கரும்புக் கட்டுகளை வேன் நிறைய அள்ளிவந்தார். ரோட்டோரம் முள்ளை வெட்டி வரிசையாக ஊன்றியாயிற்று.

அதிகாரி பெலிக்ஸ் வந்து இறங்கினார். கரும்பைப் பார்த்தார். ஜெபக்குமாரைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது செங்கரும்புல்லா?"

"கரும்புதானே சார்?"

"கடிச்சுத் திங்கிற கரும்பு. ஆலைக்கு வெள்ளைக் கரும்புதான் போடுவாக. செங்கரும்பு போட்ட மொத ஆளு நீங்கதான்."

ஜெபக்குமாருக்கு வேர்த்துவிட்டது. "போட்டோவுல அதெல்லாமா சார் தெரியப்போவுது?"

"தெரியாதுதான். மேல உள்ளவிய எடம் சரியா, ஆளு சரியான்னு பாப்பாக. பொறவு கரும்பு மாதிரி ஏதாச்சும் நிக்குதான்னு பாப்பாக. அம்புட்டுத்தான்."

போன உயிர் திரும்பி வந்தது.

அதற்குள் ரோட்டுக்கு எதிர்ப்பக்க வயலிலிருந்து தவசிமுத்து ஓடிவந்தார். ஆலைக்கு வருஷா வருஷம் லோடு அனுப்பியவர்.

"சார், நம்ம வயலையும் செத்த பாருங்க."

பெலிக்ஸ் எட்டிப் பார்த்தார். முழங்கால் உயரத்துக்கு மக்காச்சோளம்.

"கரும்பு எங்கண்ணே?"

"ஆலைய மூடுனதும் வெட்ட ஆளு வரல சார். நின்ன நெலையிலயே காஞ்சு போச்சு. உழுதுபோட்டு இத வெதச்சேன்."

"கரும்பு நிக்கணுமே. ரூல் அப்படி."

"காஞ்சத நிக்கவச்சு, புள்ளைகளுக்கு என்னத்த சார் பொங்கிப்போட?"

"ரூல்ல அது இல்லண்ணே."

ஜெபக்குமாருக்கு அதிகாரி மேல் மரியாதை பிறந்தது. "சார் என்ன செய்வாக தவசிமுத்து? நேர்மையான மனுசன். அன்னைக்கே நான் கேட்ட வெலைக்கு வயலக் குடுத்திருக்கலாம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல."

"இந்த நஷ்டஈடு வராட்டா ஒங்களுக்குத்தான் எழுதிக் குடுக்கணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தவசிமுத்து ரோட்டைக் கடந்து திரும்பிப் போனார்.

பெலிக்ஸ் எதிர்வயலை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, இந்தக் கரும்ப அம்புட்டையும் பிடுங்கி வேன்ல ஏத்தச் சொல்லுங்க."

ஜெபக்குமாருக்குப் புரிந்துவிட்டது. ரூல் பேசுகிறவருக்கும் ஒரு வாய் உண்டு. அது இவ்வளவு மலிவாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"வீட்டுப் புள்ளைகளுக்கா சார்? இதக் கேக்கவா இம்புட்டு தயங்குனீக? போட்டோவ மட்டும் எடுத்துட்டு..."

"மொதல்ல ஏத்துங்க. போட்டோவ நான் பாத்துக்கிடுதேன்."

அதிகாரியே பார்த்துக்கொள்கிறேன் என்ற பிறகு குடைந்து கேட்பது நாகரிகமில்லை. ஜெபக்குமார் டிரைவரைக் கூப்பிட்டார்.

"ஏலே பாண்டிதுரை! சாருக்கு அம்புட்டையும் ஏத்துலே. ஒரு கழி மிச்சம் வைக்காத!"

அவரே சட்டைக் கையை மடித்துவிட்டு நாலு கழி தூக்கிக் கொடுத்தார். சோகை இலை கையைக் கீறியது. பொருட்படுத்தவில்லை. வேன் நிறைந்ததும் கை கூப்பினார்.

"வண்டிய எங்க சார் கொண்டுவந்து எறக்கணும்? குவார்ட்டர்ஸ்க்கா?"

பெலிக்ஸ் ரோட்டைக் கடந்தார். வேனை எதிர்வயலுக்கு வரச் சொன்னார். கரும்பையெல்லாம் தவசிமுத்துவின் வரப்போரம் ஊன்ற வைத்து, அவரை முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்.