பன்னிரண்டாயிரம் அடி

"பட்டையை நாய்க் கழுத்துல கட்டிவிட்டியா?" என்றார் தலைமையாசிரியை.

மாணவர் ஆரோக்கியக் குழு எல்லார் கையிலும் நடையை எண்ணும் பட்டை கட்டியிருந்தது. ஏழாம் வகுப்புச் சிறுமி மட்டும் தினம் பன்னிரண்டாயிரம் அடி காட்டினாள். பொய்யென்றால், அதிகம் நடந்தவருக்கான பரிசு ஷூ மேசையிலேயே தங்கிவிடும்.

"என் கால்தான், மேடம்."

"பாப்பா பொய் சொல்ல மாட்டா. பரிசைக் கொடுத்துடலாம், மேடம்," என்றாள் குழுத்தலைவி அவசரமாக. போராடிக் கேன்டீனில் பஃப்ஸை ஒழித்தவள் அவள்.

"நீ சும்மா இரும்மா. அப்படி எங்கடி போயிட்டு வர்ற?"

சிறுமி ஷூவைப் பார்த்தாள். தலைவியைப் பார்த்தாள். மறுபடி ஷூவைப் பார்த்தாள்.

"மார்க்கெட் பேக்கரிக்கு, மேடம். கேன்டீன்ல பஃப்ஸ் நிறுத்தினதுலேருந்து இடைவேளைக்கு இடைவேளை இந்த அக்காவுக்கு நான்தான் வாங்கிட்டு வரேன். சூடா இருந்தாதான் சாப்பிடுவாங்க. அதனால ஓடித்தான் வருவேன்."