ஐந்தாவது நட்சத்திரம்

தணிகாசலம் ஒரு கட்டு கொத்தமல்லியையே முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். காரை லேசில் நம்பிவிடுவாரா? அந்த ஷோரூமுக்கு இணையத்தில் கொட்டிக்கிடந்த ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளை விடாமல் துருவினார். படங்களில் எல்லாரும் கழுத்தில் மாலையோடு ஒரே மாதிரி பல்லைக் காட்டினார்கள். காசு கொடுத்துக் கூட்டிவந்த கூட்டம் என்று முடிவு கட்டினார். இருந்தும், மனைவி பிடித்த பிடியில் அங்கேயே வாங்கும்படி ஆயிற்று. இன்று நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அவர் கழுத்திலும் மாலை விழுந்தது. ஊழியர்கள் கைதட்டத் தயாராகக் கைகளைத் தூக்கியபடி சுற்றி நின்றார்கள். ஆனால் யாரும் தட்டவில்லை. விற்பனைப் பெண் பெனிட்டா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சார், அஞ்சு ஸ்டார் போட்டுட்டீங்கன்னா சாவிய குடுத்துடலாம்" என்றாள். "ஓட்டிப் பாக்காமயா? நாலு போடுறேம்மா." "நாலு போட்டா எனக்கு வேல போயிடும் சார்." அவள் கண் கலங்கியது. இதற்கும் பயிற்சி கொடுத்திருப்பார்களோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டே கைபேசியில் ஐந்தாவது நட்சத்திரத்தையும் அமுக்கினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. மாலையோடு அவரை எடுத்த படம் உடனே இணையத்தில் ஏறியது. அடுத்து கார் பார்க்க வந்திருந்த ஒருவர், தன் கைபேசியையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி அருகில் வந்தார். "தப்பா நெனைக்காதீங்க. இவங்க உங்களுக்கு எவ்ளோ குடுத்தாங்க?" தணிகாசலம் திரும்பிப் பெனிட்டாவைப் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "காசெல்லாம் ஒண்ணும் இல்ல. வண்டி எப்படின்னு தெரியாது, இன்னும் கேட்டையே தாண்டல சார். ஆனா அந்தப் பொண்ண நம்பலாம்னுதான் தோணுது."