வருசத்துச் சட்டை

சிநேகிதி அனுப்பியதாகச் சொன்ன கிஃப்ட் கார்டில் கீர்த்தனி வருசப்பிறப்புக்குச் சேலை எடுப்பாள் என்றுதான் வினோதன் நினைத்திருந்தான். அவளோ ஒன்லைனில் ஆம்பிளைச் சட்டை ஒன்றைத் தெரிவுசெய்துகொண்டிருந்தாள். அதுவும் இரண்டு வினோதன் நுழையக்கூடிய அளவில்.

“ஆருக்கு இது?”

“லிங்கநகர் மாமாவுக்கு. உங்கட பேரில அனுப்புறன்.”

வினோதனுக்குச் சுள்ளென்று ஏறியது. கீர்த்தனியைக் காதலித்துக் கட்டிய நாளிலிருந்து லிங்கநகரில் இருக்கும் அவனுடைய அப்பா அவனோடு முகம் கொடுத்துக் கதைத்ததில்லை.

“உனக்கு விசரே? நான் அனுப்பினதெண்டு தெரிஞ்சால் எறிஞ்சுபோடுவார்!”

“எறியமாட்டார். இந்தக் கார்டை அனுப்பினதே மாமாதான்.”

“அப்பாவோ?”

“ஓம். ‘வருசத்துக்கு மகன் எடுத்துத் தந்த சட்டையோடதான் கோயிலுக்குப் போகவேணும், பிள்ளை. நான் கேட்டதெண்டு அவனுக்குச் சொல்லிப்போடாதை’ எண்டவர். அளவும் அவரே சொன்னவர்.”

வினோதன் அவளிடமிருந்து போனை வாங்கி, லிங்கநகர் விலாசத்தை அழித்துவிட்டு, உப்புவெளியில் இருக்கும் தங்கள் வீட்டு விலாசத்தை அடித்தான்.

“ஏன் இஞ்ச வரப்பண்ணுறியள்?”

“சட்டைக்கு நான் காசு கட்டுறன். அப்பா தந்த கார்டில நீ சேலை எடு,” என்றான். “உடுத்துக்கொண்டு வா, ரெண்டு பேருமாக் கொண்டுபோய்க் குடுப்பம்.”